பாடலின் உரிமையும் படத்தின் உரிமையும்

சங்ககிரி வட்டாரத்துச் சபைகளில் இன்று கிறிஸ்து பிறப்பு வாழ்த்தும் உபவாசக் கூட்ட அறிவிப்பும் கணினியிலேயே உருவாகின்றன. எவரோ வரைந்த ஓவியத்தை எடுத்து, நிறம் மாற்றி, முகத்தை மட்டும் வெட்டி, மறைவசனம் பொறித்து அனுப்புகின்றனர் நம் இளைஞர். கேட்டால், "ஊழியத்துக்குத்தானே" என்பது விடை. இவ்விடை போதுமா என ஆராய்வதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே தக்கதொரு சான்றுண்டு.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர்தம் நூல்களை அச்சிடும் உரிமை பின்னர் அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. அதே பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வழங்கும் உரிமையோ 1934-இல் தனியே பிரிக்கப்பட்டு ஒரு வணிகருக்கு விற்கப்பட்டது. கடைசியில் அது ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. அவருடைய 'நாம் இருவர்' (1947) படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' (1948) படத்தில் பாரதியின் பாடலொன்றைச் சேர்த்தபோது, உரிமை தம்முடையதென மெய்யப்பன் வழக்காடினார். நூலாக எவரும் வாங்கிப் படிக்கக்கூடிய பாட்டு, திரையில் ஒலித்ததும் வழக்குக்குரியதாயிற்று. எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தெழுந்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் சென்னை அரசு 1949-இல் உரிமைகளை ஏற்றது. மெய்யப்பன் பொருள் பெறாமலே தம் பங்கை விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கும் கவிஞரின் குடும்பத்தாருக்கும் பணம் அளிக்கப்பட்டது. 1950-களில் பாடல்கள் யாவர்க்கும் பொதுவாயின. ஆயினும் அவற்றுக்கு இன்று ஒருவர் அமைக்கும் மெட்டும் ஒலிப்பதிவும் பொதுவாகிவிடா.

உரிமை என்பது ஒன்றன்று, பல என்பதே இவ்வழக்கில் நாம் காண்பது. ஒரு மாநிலத்து பெர்மிட்டைக் கொண்டு மறு மாநிலத்தில் வண்டி ஓட்ட இயலாதென்பதைச் சங்ககிரி லாரிக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை!

ஓவியத்துக்கும் இஃதே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தைப் படியெடுப்பதும் மாற்றியமைப்பதும் உரிமையாளருக்கே உரியவை. 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இவ்வுரிமை படைப்பாளி இறந்தபின் 60 ஆண்டு நிலைக்கும். இரவிவர்மா 1906-இல் மறைந்தார். அவருடைய ஓவியங்கள் பொதுவுடைமை. இந்தியக் கிறிஸ்தவ ஓவியர் ஃபிராங்க் வெஸ்லி மறைந்தது 2002-இல். அவருடைய ஓவியங்கள் 2062 முடியும்வரை பொதுவாகா.

சமயச் சடங்குக்குச் சட்டம் சலுகை தரவில்லையா எனச் சிலர் வினவலாம். தருகிறது, 52-ஆம் பிரிவில் அது காணப்படுகிறது. ஆனால் அச்சலுகை இலக்கியம், நாடகம், இசை, ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பற்றியது. ஓவியம் அதில் சொல்லப்படவில்லை. மேலும், உரிமையை விற்றுவிட்ட ஓவியரும் தம் படைப்பு தம் பெயருக்கு இழுக்குண்டாகும்படி சிதைக்கப்படுவதை 57-ஆம் பிரிவின்கீழ் எதிர்க்கலாம்.

ஓவியர் சிலர் இக்காலத்தில் தம் படைப்புகளைக் கட்டணமின்றி வழங்குவதுண்டு. அவற்றுடன் வரும் நிபந்தனைகளை நம்மவர் படிப்பதேயில்லை. பகிரலாம், மாற்றலாகாது என்று நிபந்தனையிட்டு வெளியிடப்பட்ட ஓவியத்தில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அந்நிபந்தனை மீறப்படுகிறது. விலையின்றிக் கிடைத்தது என்பதனால் மீறல் நீங்கிவிடாது.