கியர்பாக்ஸ் போச்சு, கூடவே ஒரு பழைய கேஸு

மூணு மாசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை, குடும்பத்தோட நியூஜெர்சி டர்ன்பைக்கில் வந்துக்கிட்டிருந்தோம். வண்டி திடீர்னு ஒரு உதறு உதறிச்சு. அப்புறம் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் இஞ்சின்தான் கத்துது, வண்டி நகரல. இழுத்துக்கிட்டுப் போய் விட்டோம். ரெண்டு நாள் கழிச்சு சர்வீஸ் ஆள் கூப்பிட்டு, டிரான்ஸ்மிஷன் மாத்தணும், 4,600 டாலர்னு குண்டைத் தூக்கிப் போட்டார். வாரண்டி? அதைத் தாண்டி 4,000 மைல் ஓடிடுச்சாம். வண்டியை வித்தாலே அதுல ரெண்டு பங்குதான் வரும்.

"தலைமுழுகிட்டு வேற வாங்கலாங்க" என்றார் தங்கமணி. எனக்கு மனசு ஆறலை. 64,000 மைலில் சாகிற கியர்பாக்ஸ் என்ன கியர்பாக்ஸ்? கடுப்பில் தேடிப் படிக்க ஆரம்பிச்சப்போதான் இந்தப் பழைய கதை மாட்டுச்சு.

தானாக கியர் மாற்றும் பெட்டியைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டு வந்ததே ஜெனரல் மோட்டார்ஸ்தான். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வந்த ஹைட்ரமேட்டிக். அந்த வம்சத்தில் 1969ல் வந்தது டர்போ ஹைட்ரமேட்டிக் 350. நல்ல உழைப்பாளி. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கணும், அதனால் வண்டியின் எடையைக் குறைக்கணும். கியர்பாக்ஸையும் விட்டு வைக்கல. கிளட்ச் டிரம், ஆயில் பம்ப் மாதிரி பாகங்களில் இரும்புக்குப் பதில் லேசான உலோகக் கலவைகளைப் போட்டு 1976 மாடல்களில் டர்போ ஹைட்ரமேட்டிக் 200 என்று இறக்கினார்கள். செவெட் மாதிரி பொடி வண்டிக்கு சரி. ஆனா அதையே பெரிய பெரிய கார்களிலும் மாட்டிட்டாங்க. மாட்டு வண்டியில கட்டுன கன்னுக்குட்டி கதைதான்.

வரிசையா படுக்க ஆரம்பிச்சது. அப்போ வாரண்டி எவ்வளவு தெரியுமா? 12 மாசம் அல்லது 12,000 மைல். அதுக்கு மேல போச்சுன்னா உங்க பாடு.

1979ல் சில உரிமையாளர்கள் ஒண்ணா சேர்ந்து சிகாகோவில் கேஸ் போட்டாங்க. 350 வரும்னு நினைச்சு வாங்கின வண்டியில், சொல்லாம கொள்ளாம மட்டமான 200ஐ வெச்சுட்டாங்க என்பது குற்றச்சாட்டு. வாரண்டிக்கான மத்திய சட்டம், மேக்னுஸன்-மாஸ் சட்டம், 1975ல்தான் வந்திருந்தது. நிறுவனம் எழுத்தில் கொடுத்த விவரங்களும் அந்தச் சட்டப்படி வாரண்டி மாதிரிதான் என்று வாதாடினாங்க. கீழ்கோர்ட் ஒத்துக்கிட்டது. 1981ல் அப்பீல் கோர்ட் கவுத்துடுச்சு. பொருளில் குறை இல்லை, அல்லது இவ்வளவு காலத்துக்கு இப்படி உழைக்கும் என்கிற மாதிரி எழுதிக் கொடுத்தால்தான் அது அந்தச் சட்டத்தின்படி வாரண்டி, மத்ததெல்லாம் சேராது என்று சொல்லிட்டாங்க. கடைசியில் சமரசத்தில் முடிஞ்சது. முடிஞ்சும் முடியல பாருங்க, வக்கீல் ஃபீஸ் எவ்வளவுங்கிற சண்டை 1988ல் திரும்பவும் அதே அப்பீல் கோர்ட்டுக்குப் போச்சு :-)

இதுக்கு நடுவில் மத்திய வணிக ஆணையமும் களத்தில் இறங்கியது. குறை இருப்பது தெரிந்தும் வாங்கினவங்ககிட்ட சொல்லல என்பதுதான் அவங்க பிடிச்ச பிடி. 1983ல் ஒரு உடன்பாடு ஆச்சு. 200 கியர்பாக்ஸ், சில கேம்ஷாஃப்ட், டீசல் இஞ்செக்‌ஷன் பம்ப் இதில் அடிபட்டவங்க பெட்டர் பிசினஸ் பீரோ மூலமா மத்தியஸ்தத்துக்குப் போகலாம். காசு கிடையாது. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், கார்க்காரரைக் கட்டுப்படுத்தாது. நல்ல ஏற்பாடுதான்னு தோணும். ஆனா ஒவ்வொருத்தரும் தனித்தனியா போய், அதுவும் விஷயம் தெரிஞ்சு போய், கேட்கணும். கேட்காதவனுக்கு ஒண்ணும் கிடையாது. என்னைக் கேட்டால், எல்லாருக்கும் நேரா பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கணும்.

இதைப் படிச்சதும்தான் எனக்கு பொறி தட்டுச்சு. குறை பத்தி கம்பெனிகள் டீலர்களுக்கு அனுப்புற சர்வீஸ் புல்லட்டின்களின் நகல் சாலைப் பாதுகாப்புத் துறையிடம் போகணும். அவங்க தளத்தில் யாரும் பார்க்கலாம். என் வண்டி மாடலைப் போட்டேன். ரெண்டாவது கியரிலிருந்து மூணாவதுக்கு மாறும்போது உதறல், அப்படியே என் வண்டி ஜாதகம்! அச்செடுத்துக்கிட்டு, ஆயில் மாத்தின ரசீதெல்லாம் சேர்த்து, டீலரைத் தாண்டி நேரா கம்பெனிக்கே எழுதினேன். வாரண்டி முடிஞ்சாலும் 'நல்லெண்ண' உதவின்னு ஒண்ணு உண்டு, வாய் விட்டுக் கேட்கிறவங்களுக்கு மட்டும்.

முதல் பதில், முடியாது. ரெண்டாவது கடிதத்துக்கு ஒரு அம்மணி போன் பண்ணாங்க. பாகங்களுக்கான செலவு அவங்களோடது, கூலி என்னோடது. 1,700 டாலர் கட்டினேன். தங்கமணி இன்னும், "வித்திருந்தா அதுவும் மிச்சம்"ங்கிறார்.

அதே புல்லட்டின் அந்த சர்வீஸ் ஆள்கிட்டயும் இருந்திருக்கும். வண்டியை எடுக்கப் போனப்போ அவர்கிட்ட கேட்டேன். "நீங்க கேட்கலையே சார்" என்றார்.