கொல்லிமலையும் கொள்ளிக்கட்டையும்

மொதல்லயே சொல்லிடறேன், தலைப்புல இருக்கறது வேற வேற எழுத்து. நாமக்கல் மாவட்டத்துல காரவள்ளியிலேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா வர்ற மலை கொல்லி. அடுப்புல எரியறது கொள்ளி. வல்வில் ஓரி, கொல்லிப்பாவை, அறப்பளீஸ்வரர், ஆகாயகங்கைன்னு அந்த மலையைப் பத்தி நம்ம மக்கள் பதிவா போட்டுத் தள்ளிட்டீங்க. அதனால நான் ரெண்டாவது கொள்ளியைப் பத்தி, அதுலேர்ந்து வர்ற புகையைப் பத்தி எழுதறேன்.

மலையில இருக்கறவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளாக்காரங்க இல்லீங்க. முன்னோர் காஞ்சிபுரத்துலேர்ந்து வந்ததா அவங்க கதை சொல்லுது.) சாமை, தினை, கேழ்வரகுன்னு இருந்த மலை, இப்ப மரவள்ளி, மிளகு, காப்பின்னு மாறியிருக்கு. ஆனா விறகுக்கட்டைத் தலையில வெச்சு ரோட்டோரமா நடந்து வர்ற பெண்களை செம்மேட்டுப் பக்கம் பார்க்கலாம். களி கிண்டறதுக்கு நின்னு எரியற தீ வேணும். விறகு காட்டுல கிடைக்குது. கேஸ் சிலிண்டரோ அந்த 70 வளைவும் ஏறி வரணும். கீழ ஹைவே ஹோட்டல்ல 'விறகடுப்பு சமையல்'னு போர்டு பார்த்தா நமக்கு நாக்குல எச்சில் ஊறுது. அதை தினம் ரெண்டு வேளை ஊதறவங்களுக்கு ஊறுமான்னு தெரியலை.

இந்தப் புகையை ஒழிக்கணும்னு கிளம்பின ஆளுங்க கதைதான் சுவாரஸ்யம். தஞ்சாவூர்ல 1892ல பொறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி 1934ல ஆரம்பிச்ச அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவுல நடத்தினார். லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்ச மனுஷன். அந்தச் சங்கத்துலேர்ந்து 1947 வாக்குல 'மகன் சூலா'ன்னு ஒரு புகையில்லா மண்ணடுப்பு வந்துச்சு. அப்புறம் எஸ்.பி. ராஜுன்னு ஒரு என்ஜினியர், ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்துல ஒரே தீயில ரெண்டு மூணு பாத்திரம் வைக்கற, புகையைக் குழாய் வழியா வெளியே தள்ளற அடுப்பை வடிவமைச்சார். லட்சக்கணக்கான வீட்டுக்குப் புகையில்லாத சமையலறைன்னு அவர் எழுதின சின்னப் புத்தகம் 1953ல சென்னையில அச்சாச்சு. ஆக, விஷயம் அப்பவே தெரியும். வழியும் தெரியும்.

அப்புறம் ஏன் நடக்கலை? பெண்களோட கண்ணெரிச்சலை யாரும் அளக்கலை. அளக்காத எதுக்கும் பட்ஜெட் கிடையாது. கர்க் ஸ்மித்ங்கற அமெரிக்க விஞ்ஞானி 1981ல குஜராத் கிராமங்கள்ல, சமைக்கற பெண்கள் உண்மையிலேயே எவ்வளவு புகையை உள்ள இழுக்கறாங்கன்னு கருவி வெச்சு அளந்தார். நம்ம ஊர்ல அந்த வேலையைப் பெரிய அளவுல செஞ்சது சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழு. தமிழ்நாட்டுக் கிராமத்துச் சமையலறைகள்ல எடுத்த அளவீடுகள் 2002ல வெளியாச்சு. பின்னாடி அவங்களும் பங்கெடுத்த 2018ஆம் வருஷ ஆய்வறிக்கை ஒண்ணு, 2017ல மட்டும் இந்தியாவுல காத்து மாசால 12.4 லட்சம் பேர் செத்ததா மதிப்பிட்டது. அதுல 4.8 லட்சம் வீட்டுக்குள்ள எரிக்கற விறகு, வறட்டி வகையறாப் புகையால.

நடுவுல அரசாங்கமும் சும்மா இல்லை. 1983லேர்ந்து 2002 வரைக்கும் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம்னு ஒண்ணு ஓடி, மூணு கோடிக்கும் மேல அடுப்பு கொடுத்தாங்க. பல அடுப்பு உடைஞ்சு மூலைக்குப் போயிடுச்சு. ஒரிசாவுல வேறொரு அடுப்பு விநியோகத்தை நாலு வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒண்ணு இருக்கு. மொத வருஷம் புகை குறைஞ்சது. அப்புறம் யாரும் பராமரிக்கலை, குழாய் அடைச்சுக்கிச்சு, பழைய கதை. பொட்டி தட்டற நமக்கு இது புதுசா என்ன? 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு சொல்லி டெலிவரி பண்ணிட்டுப் போற அதே வியாதிதான்.

இப்ப கதை வானத்துக்குப் போகுது. வீரபத்ரன் ராமநாதன், சென்னையில பொறந்து அண்ணாமலைப் பல்கலையில என்ஜினியரிங் படிச்சவர். செகந்திராபாத்துல ஃப்ரிட்ஜ் கம்பெனி ஒண்ணுல அவருக்குக் கொடுத்த ஆணி, குளிரூட்டி வாயு ஏன் கசியுதுன்னு கண்டுபிடிக்கறது. அதே வகை வாயுவோட ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவைப் போல பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடிச்சு வைக்கும்னு அமெரிக்கா போய் 1975ல நிரூபிச்சார். 1999ல அவரும் பால் குருட்சனும் சேர்ந்து நடத்தின இந்தியப் பெருங்கடல் ஆய்வுல, மாலத்தீவு வரைக்கும் ஒரு பழுப்புப் படலம் தொங்கறதைப் பார்த்தாங்க. வண்டிப் புகை, ஆலைப் புகை, கூடவே அடுப்புப் புகை.

2002ல ஐ.நா. சூழல் அமைப்பு அதை 'ஆசிய பழுப்பு மேகம்'னு அறிக்கையா போட்டதும் டெல்லி கொதிச்சிடுச்சு. கடைசியில பேர்லேர்ந்து 'ஆசிய'வைத் தூக்கினாங்க. டெல்லி கோபத்துல நியாயம் இருக்கு. வசதிக்காக விடற புகையையும் வயித்துக்காக விடற புகையையும் ஒண்ணா எண்ணாதீங்கன்னு அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991லயே எழுதியாச்சு. ஆனா 'எங்க புகையைக் குத்தம் சொல்லாதே'ன்னு சண்டை போட்டவங்க யாரும் அந்த அடுப்பு முன்னாடி உட்கார்ந்து இருமினவங்க இல்லை. என்னோட எரிச்சல் அங்கதான்.

ராமநாதன் சொன்னதுல முக்கியமானது இது. கரியமில வாயு நூத்தாண்டுக் கணக்குல தங்கும். கரிப்புகை வானத்துல இருக்கறது சில நாள், மிஞ்சினா ஒண்ணு ரெண்டு வாரம். நிறுத்தினா பலன் நம்ம ஆயுசுலயே தெரியும். 2011ல ஐ.நா. அமைப்புகள் கரிப்புகை, மீத்தேன் ரெண்டையும் குறைக்கற 16 வழிகளைக் கணக்குப் போட்டு, 2050க்குள்ள அரை டிகிரி வெப்பம் குறையும், வருஷம் 24 லட்சம் உயிர் பிழைக்கும்னு சொன்னாங்க. 2012ல இதுக்குன்னு ஒரு நாடுகள் கூட்டணி. இந்தியா அதுல சேர்ந்தது 2019ல. ஒரு நெருடலும் இருக்கு. விறகுப் புகையில கறுப்புத் துகளோட, வெயிலைத் திருப்பி அனுப்பற வெளிர் துகளும் உண்டு. அதனால விறகடுப்போட வெப்பக் கணக்கு இன்னும் விவாதத்துலதான் இருக்கு. நுரையீரல் கணக்குல விவாதம் ஒண்ணும் இல்லை.

தமிழ்நாட்டுல இலவச கேஸ் அடுப்புத் திட்டம் 2007ல ஆரம்பிச்சது. இலவசம்னு எவ்வளவு கிண்டல் பண்ணினோம்! 2011 மக்கள்தொகைக் கணக்குல கேஸ்ல சமைக்கற வீடு கிட்டத்தட்ட பாதி. 2016ல மத்திய அரசோட உஜ்வலா வந்துச்சு. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புல 80 சதவீதத்தைத் தாண்டியாச்சு. ஆனா பல வீட்டுல சிலிண்டர் ஒரு பக்கம், விறகடுப்பு ஒரு பக்கம். டீக்கு கேஸ், சோத்துக்கும் வெந்நீருக்கும் விறகு. அடுத்த சிலிண்டருக்குக் காசு சேரணுமே.

இதைச் சோதிச்சுப் பார்க்கறதுக்கே குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியான்னு நாலு நாட்டுல 3200 கர்ப்பிணிகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. இந்தியாவுல அவங்க எடுத்துக்கிட்டது விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு அடுப்பும் கேஸும் இலவசம், வீடு தேடி வரும். 2022ல முடிவு வந்தப்ப பல பேருக்கு ஏமாற்றம். கேஸ் கிடைச்சவங்க சுவாசிச்ச நுண்துகள் மூணுல ஒரு பங்கா இறங்கியும், பொறந்த குழந்தைங்க எடையில பெரிய வித்தியாசம் இல்லை. வயித்துல பிள்ளை வந்தப்புறம் புகையை நிறுத்தறது லேட்டோ என்னவோ. ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணும் தெரிஞ்சது. சிலிண்டர் காசில்லாம வாசலுக்கு வந்துக்கிட்டிருந்த வரைக்கும், அநேகமா யாருமே விறகடுப்பைத் திரும்பப் பத்த வைக்கலை.