மருந்தாகாத முதல் மருந்து

தும்மலும் தோல் தடிப்பும் கண்டவுடன் ஒரு சிறு மாத்திரையை விழுங்கிவிட்டு நம் அலுவலுக்குத் திரும்பிவிடுகிறோம். அம்மாத்திரையின் மூதாதை நோயாளிகளுக்குரிய மருந்தாகவே ஆனதில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஹிஸ்டமின் என்னும் பொருள் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதையும் மூச்சுக்குழல்களை இறுக்குவதையும் 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி டேல், பாட்ரிக் லெய்ட்லா ஆகியோர் விவரித்தனர். அது நம் உடலிலேயே இயல்பாக உறைவது என்பது 1927இல் உறுதியாயிற்று. ஒவ்வாமையின்போது வெளிப்பட்டு நம்மை வருத்துவதும் அதுவே.

1937இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் தானியேல் போவேயும் அவருடன் உழைத்த இளம் ஆய்வாளர் ஆன்-மரி ஸ்டாபும், உயிர்போக்கும் அளவு ஹிஸ்டமின் செலுத்தப்பட்ட கினிப்பன்றிகளை ஒரு சேர்மம் காப்பாற்றுவதைக் கண்டனர். ஆயினும் அதன் நச்சுத்தன்மை மிகுதி. மனிதருக்குக் கொடுக்க இயலவில்லை. தோல்வி என்று அதை மூடிவைத்திருக்கலாம். ஆனால் ஹிஸ்டமினைத் தடுக்க முடியும் என்ற உண்மை அங்கே நிலைநாட்டப்பட்டுவிட்டது.

அந்த வழியில் சென்றே 1942இல் ஹால்பெர்ன் ஆன்டெர்கன் மருந்தை நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார். 1944இல் மெபிராமின் பிறந்தது. இவற்றிலும் ஒரு குறை இருந்தது: உறக்கம். மூளையில் நம்மை விழித்திருக்கச் செய்வதும் ஹிஸ்டமின்தானே! அக்குறையே பின்வந்தோருக்குப் பணியாயிற்று; மூளைக்குள் எளிதில் புகாத லொராடடின் போன்றவை பின்னர் தோன்றின.

1957இல் போவே நோபல் பரிசு பெற்றார். கினிப்பன்றிகளை மட்டுமே காத்த அந்தச் சேர்மத்தை இன்று எந்த மருந்துக்கடையிலும் காண இயலாது. எனினும் நம் மூச்சு எளிதாகும் ஒவ்வொரு முறையும் அதற்கும் பங்குண்டு. முடிவுபெறாத முயற்சியை வீண் முயற்சி என்று நாம் எண்ணலாகாது.