பண்ணைக் குட்டைக்கு எந்த ஷீட் போடணும்? 500 மைக்ரானா, ரப்பரா, களிமண்ணே போதுமா? முழு விவரம்

மழை பெய்தால் குட்டை நிரம்புது, கொஞ்ச நாளிலேயே தண்ணி இறங்கிடுது. செம்மண், சரளை மண் பகுதிகளில் பண்ணைக் குட்டை வெட்டியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. இதற்காகத்தான் குட்டைக்குள் ஷீட் விரிக்கிறார்கள். ஆனால் கடைக்குப் போனால் மைக்ரான், ஜிஎஸ்எம், லேமினேஷன், ரப்பர் என ஏகப்பட்ட பெயர்கள். விலையை மட்டும் பார்த்து வாங்கினால் வெயிலில் கிழிந்து, போட்ட பணம் வீணாகிவிடும். எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில், ஷீட் தேவையா?

எல்லா குட்டைக்கும் ஷீட் தேவையில்லை. மண்ணைப் பொறுத்துத்தான் முடிவு எடுக்கணும்.

குட்டையின் அடியில் இருக்கும் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து, நனைத்து, விரலால் நீளமாகத் திரித்துப் பாருங்கள். உடையாமல் கயிறு மாதிரி வந்தால் களி அதிகம். அங்கே மண்ணை ஈரமாக்கி நன்றாக மிதித்து இறுக்கினாலே தண்ணி ஓரளவு நிற்கும். திரிக்கும்போதே உதிர்ந்தால் அது மணல், சரளை கலந்த மண். ஷீட் இல்லாமல் தண்ணி நிற்பது கஷ்டம்.

கிணறும் போர்வெல்லும் ஊறணும் என்பதற்காக வெட்டிய குட்டை என்றால் ஷீட் போடவே கூடாது. தண்ணி மண்ணுக்குள் இறங்குவதுதான் அங்கே நோக்கம்.

என்னென்ன வகை இருக்கு?

எச்டிபிஇ ஷீட்: பெரிய பண்ணைக் குட்டைகளிலும், கடலோர இறால் பண்ணைகளிலும் அதிகம் பயன்படுவது இதுதான். குட்டைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தடிமன் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். கருப்பு நிறத்துக்குக் காரணம் அதில் கலக்கும் கரித்தூள். அதுதான் வெயிலில் இருந்து ஷீட்டைக் காப்பாற்றுது. இது விறைப்பான ஷீட் என்பதால் சதுரம், செவ்வகம் போன்ற நேரான குட்டைகளுக்குப் பொருத்தம். சாதாரண பசையில் ஒட்டாது, மெஷினில் சூடாக்கித்தான் இணைக்கணும்.

லேமினேட் ஷீட்: எச்டிபிஇ இழைகளை நெய்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தது. இதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15351. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் இந்த எண்ணும் இருக்கான்னு பாருங்கள். நெல் காயப்போடும் சாதாரண தார்ப்பாய் பார்க்க இதே மாதிரி இருந்தாலும் குட்டைக்கு ஏற்றதில்லை.

எல்டிபிஇ ஷீட்: மெல்லியது, வளையும், விலையும் குறைவு. ஆனால் வெயில் நேரடியாகப் பட்டால் சீக்கிரம் நொறுங்கும். மேலே மண், செங்கல் அல்லது கல் பதித்து மூடுவதாக இருந்தால் மட்டும் போடலாம்.

பிவிசி ஷீட்: மென்மையானது, மூலை முடுக்கில் நன்றாகப் படியும். வெயிலில் நாளாக நாளாக இறுகிவிடும். மீன் வளர்ப்பதாக இருந்தால், மீனுக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட ரகத்தை மட்டும் வாங்குங்கள்.

இபிடிஎம் ரப்பர்: நன்றாக நீளும், வெயிலைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். விலைதான் அதிகம். வீட்டுத் தோட்டத்தில் வளைவு நெளிவாக அமைக்கும் தாமரைக் குளம், அலங்கார மீன் குளத்துக்கு நல்ல தேர்வு. ஏக்கர் கணக்கில் பாசனம் செய்ய வெட்டும் குட்டைக்குக் கட்டுப்படியாகாது.

500 மைக்ரான்தானா? எடை போட்டுப் பாருங்கள்

கண்ணால் பார்த்து தடிமனைச் சொல்ல முடியாது. ஆனால் எடை காட்டிக்கொடுத்துவிடும். நெய்யாத எச்டிபிஇ ஷீட் 500 மைக்ரான் என்றால், ஒரு சதுர மீட்டர் துண்டு சுமார் 470 கிராம் இருக்கணும். 300, 350 கிராம்தான் வருதுன்னா தடிமன் குறைவு. லேமினேட் ஷீட்டுக்கு ஜிஎஸ்எம் எவ்வளவுன்னு கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் ஷீட்டின் எடை, கிராமில்.

எவ்வளவு ஷீட் வாங்கணும்?

பலர் தவறு செய்யும் இடம் இது. மேல்பரப்பை மட்டும் கணக்குப் போட்டால் ஷீட் பத்தாது.

உதாரணமாக, மேலே 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 3 மீட்டர் உள்ள குட்டை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு.

- அடிப்பகுதி: 21 மீட்டர்
- இரண்டு பக்கச் சரிவு: தலா 5.4 மீட்டர், மொத்தம் 10.8 மீட்டர்
- கரையில் மடித்துப் புதைக்க: தலா 1 மீட்டர், மொத்தம் 2 மீட்டர்

கூட்டினால் 33.8 மீட்டர். ஆக 34-க்கு 34, அதாவது 1,156 சதுர மீட்டர் ஷீட் வேணும். மேல்பரப்பு 900 சதுர மீட்டர்தான். இந்தக் குட்டை விளிம்பு வரை நிறைந்தால் சுமார் 19.7 லட்சம் லிட்டர் தண்ணி பிடிக்கும்.

விரிக்கும்போது கவனிக்க வேண்டியவை

- கல், வேர், முள் எதுவும் இருக்கக் கூடாது. அடியில் மணல் அல்லது சலித்த மண் பரப்பிய பிறகே விரிக்கணும்.
- இழுத்துப் பிடித்து விரிக்கக் கூடாது. வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். கொஞ்சம் தளர்வு தேவை.
- ஓரத்தைக் கரையைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் இறக்கி, மண் போட்டு மூடணும். கல்லை மட்டும் வைத்தால் காற்று தூக்கிவிடும்.
- நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் இடங்களில், மழைக்காலத்தில் கீழிருந்து தண்ணி தள்ளி ஷீட் உப்பிவிடும். அங்கே ஆழமாக வெட்டுவதைத் தவிர்க்கலாம்.
- ஆடு, மாடு இறங்கினால் குளம்பு பட்டே ஓட்டை விழும்.

இன்னொரு விஷயம். ஷீட் கசிவைத் தடுக்குமே தவிர, ஆவியாவதைத் தடுக்காது. ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானாலே, மேலே சொன்ன குட்டையில் 4,500 லிட்டர் குறையும்.

மானியம் கிடைக்குமா?

திட்டமும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஷீட் வாங்கும் முன்பே உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு போய், தடிமன் விதிமுறைக்குள் வரலைன்னு தெரிந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வேலியும் கயிறும் கட்டாயம்

ஷீட் போட்ட குட்டையின் சரிவு கடுமையாக வழுக்கும், பாசி பிடித்தால் இன்னும் மோசம். நீச்சல் தெரிந்த பெரியவர்கள்கூட தவறி விழுந்தால் ஏற முடியாமல் தவிப்பார்கள். சிறுவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. அதனால் சுற்றிலும் வேலி போட்டு, நான்கு பக்கமும் கரையில் ஆழமாக அடித்த கம்பத்தில் இருந்து முடிச்சு போட்ட கயிறு தண்ணிக்குள் தொங்கும்படி கட்டுங்கள். காற்று நிரப்பிய பழைய லாரி டியூப் ஒன்றையும் பக்கத்திலேயே வையுங்கள். ஷீட் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு குறைவுதான். குட்டையில் தண்ணி விடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.