நமக்கு முன்பே இங்கு வந்தவர்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. மேற்குப் பக்க ஃபிளாட்களில் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். காலை ஆறு மணிக்குக் காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்து, பள்ளிக்கரணைப் பக்கம் பாருங்கள். தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வரும் கூட்டம் ஒன்று கண்ணில் படும். அது ஊசிவால் வாத்தாக இருக்கலாம், நீலச்சிறகியாக இருக்கலாம். இரண்டும் வடக்கே, சைபீரியா வரையுள்ள நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கும்போது நம் பக்கம் வருபவை.

கூட்டத்தில் ஆகச் சிறியது கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம்தான். ஆர்க்டிக் ஓரத்துத் தரிசு நிலத்தில் பிறந்து, சில மாதங்களிலேயே இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. உள்ளான் வகைகள் பலவற்றில் பெரிய பறவைகள் முதலில் கிளம்பிவிடும். குஞ்சுகள் பின்னால் தனியாக வரும். வழிகாட்டப் பெற்றோர் கூட இருப்பதில்லை. ஆனாலும் வந்து சேர்கின்றன.

அவை தேடி வரும் இடத்துக்கு ஒரு கதை உண்டு. நம் வளாகமும் அதில் வருகிறது.

பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் 'கழுவெளி' என்பார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம் என்று சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து தங்குகிற பள்ளம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். அந்தக் கால்வாயிலும் சரித்திரம் இருக்கிறது. 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கினார்கள். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு வந்தது.

1960களில் இந்தக் கழுவெளி 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கு. பிறகு ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு வளர்ந்தது. நடுவே ரேடியல் சாலை போனது. ஐ.டி. நிறுவனங்கள் வந்தன, அவற்றின் பின்னால் குடியிருப்புகள் வந்தன. நாமும் அப்படி வந்தவர்கள்தான். வரைபடத்தில் 'தரிசு' என்று எழுதியிருந்த நிலத்தில் அஸ்திவாரம் போட்டோம். 2015 டிசம்பரில் நம் பார்க்கிங்கில் கார்கள் மூழ்கியபோது, "வெள்ளம் வந்துவிட்டது" என்றோம். உண்மையில் தண்ணீர் தன் பழைய வீட்டுக்குத்தான் வந்தது.

மீதமிருந்ததைக் காப்பாற்றியது சிலருடைய விடாப்பிடி. சுற்றுவட்டாரக் குடியிருப்போரும் பறவை ஆர்வலர்களும் வருஷக்கணக்கில் மனு கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதில் குறித்திருக்கும் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். பழைய அளவில் கால் பங்குதான்.

"நம்மைப் போன்ற ஒரு அசோசியேஷனால் என்ன ஆகும்?" என்று நீங்கள் கேட்கலாம். வேடந்தாங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, ஏரியில் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சரணாலயச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர் தன் பறவைகளைக் காத்தது. பெரிய ஆட்கள் யாரும் இல்லை, விவசாயிகள்தான்.

நம் கையில் இருப்பது மூன்று விஷயங்கள். அடுத்த பொதுக்குழுவில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, நம் கழிவுநீர் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது? ஒவ்வொரு நடைக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் ரசீது வந்தால்தான் பணம் என்று விதி வைப்போம். லாரி ராத்திரியில் சதுப்பு ஓரம் நிற்பதை நம்மில் சிலர் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். நானும்தான்.

இரண்டு, குப்பையைத் தரம் பிரிப்பது. நாம் சேர்த்துக் கொட்டியது போய்ச் சேர்ந்த இடம், இந்தப் பறவைகளின் வாசல்.

மூன்று, மொட்டைமாடி விளக்குகள். இரவில் பறந்து வரும் பறவைகளுக்கு வெளிச்சம் வழியைக் குழப்பும். பங்குனி வரை பத்து மணிக்கு மேல் அவற்றை அணைத்து வைத்தால் மின்கட்டணமும் மிச்சம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மெயின் கேட்டில் கூடுவோம். ரேடியல் சாலை ஓரம் நின்று பார்த்துவிட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். பைனாகுலர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், இல்லாதவர்களுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். பட்டாசு வெடிக்கும் நாட்களுக்கு முன்பே அவர்கள் இந்த விருந்தாளிகளை ஒருமுறை பார்த்துவிடட்டும். பிறகு எந்தப் பக்கம் வெடிக்கக் கூடாது என்று நாம் சொல்லித் தர வேண்டியிருக்காது.