அடியில் என்ன நிறம்? ஒரு பிளாஸ்ரிக் விமானத்துக்குப் பின்னால் உள்ள வரலாறு

"மேலே போறது ஆற்ற பிளேன்? எங்கட ஆக்களோ, மற்றப் பக்கமோ?" சில செக்கனுக்குள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பலர் மேசையில் வைத்து ஆறுதலாக ஒட்டி, வர்ணம் பூசி அழகு பார்க்கும் மொடல் விமானத்துக்கும் அந்தக் கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

1939 செப்ரெம்பர் 3 அன்று பிரித்தானியா ஜெர்மனி மீது போர் அறிவித்தது. செப்ரெம்பர் 6 காலையில் எதிரி விமானங்கள் வருவதாக ஒரு எச்சரிக்கை. எசெக்ஸ் பக்கமிருந்து ஹரிக்கேன்களும் ஸ்பிற்ஃபயர்களும் கிளம்பின. எச்சரிக்கையே பிழை, வானத்தில் ஒரு ஜெர்மன் விமானமும் இல்லை. ஆனால் ஸ்பிற்ஃபயர் விமானிகள் தங்கட பக்கத்து ஹரிக்கேன்களையே எதிரி என்று நினைத்து இரண்டைச் சுட்டு விழுத்தினார்கள். மொண்டேகு ஹல்ற்ரன்-ஹரொப் என்ற விமானி இறந்துபோனார். 'பார்க்கிங் கிரீக் சண்டை' என்று இதற்குப் பிறகு பெயர் வந்தது. உலகமே கொண்டாடும் ஸ்பிற்ஃபயர் முதன்முதலில் விழுத்தியது தன் கூட்டாளியைத்தான்.

ஆக, விமானத்தை அடையாளம் காண்பது உயிர் சம்பந்தப்பட்ட படிப்பாக மாறியது. பேர்ள் ஹாபர் தாக்குதல் நடந்து சில வாரங்களில், 1942 தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படை அந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஒரு உதவி கேட்டது: 5 இலட்சம் மொடல் விமானங்களை மரத்தில் செதுக்கித் தாருங்கள். அளவு 1/72, பூச்சு கறுப்பு. உருவக்கோடு மட்டும் கண்ணில் பதியவேண்டும் என்பதற்காகத்தான் கறுப்பு. 1/72 என்றால், 6 அடி மனிதன் 1 அங்குலம். பத்து மீற்றர் தள்ளிவைத்துப் பார்க்கும் மொடல், 720 மீற்றர் தூரத்தில் பறக்கும் உண்மையான விமானம் போலத் தெரியும். கணக்கு அவ்வளவுதான். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் மரவேலை வகுப்பில் செதுக்கியதைப் பார்த்துத்தான் படைவீரர்கள் எதைச் சுடுவது, எதைச் சுடக்கூடாது என்று படித்தார்கள்.

போர் முடிந்தபின் அந்த அளவு பிளாஸ்ரிக்கில் தொடர்ந்தது. ஃப்ரொக் என்ற பிரித்தானிய நிறுவனம் 1936இலேயே 1/72 அளவில் பிளாஸ்ரிக் கிற் விற்றிருந்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் அதைக் கொண்டுபோனது எயார்ஃபிக்ஸ். ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கொலஸ் கோவ் 1939இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1953இல் தன் முதலாவது ஸ்பிற்ஃபயர் கிற்றை வெளியிட்டது. 1970இல் அதே விமானத்தை 1/24 அளவில் கொண்டுவந்தது. 1/72இல் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றராக இருந்த சிறகு இப்போது 47 சென்ரிமீற்றர். நீளம் மூன்று மடங்குதான். ஆனால் வர்ணம் பூசவேண்டிய பரப்பு ஒன்பது மடங்கு. சின்ன மொடலில் ஒளித்துவிடக்கூடிய எதையும் இதில் ஒளிக்க ஏலாது.

பெரிய மொடலைக் கட்டுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் விமானியின் இருக்கைப் பகுதி. உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டால் பிறகு அங்கே கை போகாது. அடுத்தது எஞ்சின். பிறகு உடம்பை ஒட்டி, பொருத்துக் கோட்டை நிரப்பி, சாண்ட் பேப்பரால் தேய்க்கவேண்டும். அடிப்பூச்சு அடித்துப் பார்க்கேக்கதான் மிச்சக் கீறல் எல்லாம் தெரியும். திரும்பவும் தேய்க்கவேண்டும். அதன்பிறகுதான் நிறம், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள், கடைசியாகப் புகை, எண்ணெய்க் கறை.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மொடல் கட்டுபவர் வரலாறு படிக்கவேண்டி வருகிறது. அடியில் என்ன நிறம் பூசுவது? போரின் முதல் மாதங்களில் பிரித்தானியச் சண்டை விமானங்களின் அடிப்பக்கத்தில் இடது சிறகு கறுப்பு, வலது சிறகு வெள்ளை. தரையில் நிற்பவர்கள் "இது எங்கட" என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக. 1940 ஜூனில் அதை மாற்றி அடி முழுவதும் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை சேர்ந்த நிறம் பூசினார்கள். அடுத்தது சிறகின் முன்விளிம்பு. துப்பாக்கித் துவாரங்களைச் சிவப்புத் துணித்துண்டால் மூடியிருப்பார்கள். சுட்டால் அது கிழிந்துவிடும். துணி முழுசாக இருந்தால் விமானம் இன்னும் சுடவில்லை. கிழிந்து, சிறகின் அடியில் கரி படிந்திருந்தால் சுட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. எந்த ஆண்டு, எந்த மாதம், சண்டைக்கு முன்னமா பின்னமா என்று முடிவெடுக்காமல் ஒரு மொடலை முடிக்க ஏலாது.

எங்களுக்கு இந்தக் கவனம் பிடிக்கும். ஆனால் இது எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் கேட்கவேண்டும். கிற் பெட்டிக்குள் வரும் தாளில் விமானியின் பெயர், படையணி, தளம், திகதி எல்லாம் இருக்கும். கரி எவ்வளவு படிந்தது என்பதைச் சரியாகக் காட்ட மணிக்கணக்காக உழைக்கிறோம். அந்தக் குண்டுகள் போய் விழுந்த இடத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இராது. மொடல் விமானம், விமானம் வைத்திருந்தவர்களின் வரலாறு.

கீழே நின்றவர்களுக்கும் ஒரு விமானப் படிப்பு இருந்தது. அதை எங்கட வீடுகளில் கேட்கலாம். அமெரிக்கப் பிள்ளைகள் உருவத்தைப் பார்த்துப் படித்ததை எங்கட அம்மாக்களும் மாமாக்களும் சத்தத்தைக் கேட்டுப் படித்தார்கள். ஹெலியோ, பொம்மரோ, கிபிரோ என்று காதாலேயே பிரித்துச் சொல்வார்கள். இரைந்துகொண்டு மெதுவாக வந்து குண்டு போட்ட அவ்ரோ 'சகடை'. மேலே சுத்திக்கொண்டே நின்ற ஆளில்லா விமானம் 'வண்டு'. ஒருவரும் வகுப்பு எடுக்கவில்லை. பங்கருக்குள் ஓட எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் பாடம், அதுதான் பரீட்சையும்.

இந்தப் பெயர்கள் எந்தக் கிற் பெட்டியிலும் வராது. ஒவ்வொரு விமானத்தையும் எங்கட ஊரில் என்னவென்று கூப்பிட்டார்கள், சத்தம் எப்படியிருந்தது, கேட்டவுடன் என்ன செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். ஸ்பிற்ஃபயரின் அடியில் 1940இல் என்ன நிறம் என்று தேடிப்பிடிக்கும் அதே பொறுமையோடு அவர்களிடமும் கேட்போம். ஊர், ஆண்டு, மாதம் போட்டு எழுதி வைப்போம்.