நாயகன் (1987): வரதராஜ முதலியாரும் வேலு நாயக்கரும்

மணிரத்னம் எழுதி இயக்கி, கமல்ஹாசன் நடித்து, 1987 அக்டோபர் 21 தீபாவளியன்று வெளியான தமிழ்த் திரைப்படம் நாயகன். தூத்துக்குடியிலிருந்து ஓடிப்போன சிறுவன் ஒருவன் பம்பாய் தாராவியில் வளர்ந்து, கடத்தல் தலைவனாகி, தமிழ்க் குடியிருப்புகளின் காவலராகவும் நீதிபதியாகவும் மாறி, கடைசியில் நீதிமன்ற வாசலில் சுடப்பட்டு இறப்பதே கதை. வேலு நாயக்கர் என்ற இந்தப் பாத்திரத்துக்கு மூலம், பம்பாயில் வரதா பாய் என்று அழைக்கப்பட்ட வரதராஜ முதலியார். படம் திரைக்கு வந்தபோது அவர் சென்னையில் உயிரோடு இருந்தார். 1988 ஜனவரியில் மாரடைப்பால் காலமானார். அவருடைய வாழ்க்கைப் படம் என்றே பலர் இன்றும் இதைச் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. வரதராஜன் நடத்திய தர்பாரைப் படம் எடுத்துக்கொண்டது. அந்தத் தர்பாருக்குப் படியளந்த தொழிலை விட்டுவிட்டது. தமிழர் நினைவில் அந்த மனிதர் பதிந்த விதத்தைத் தீர்மானித்ததில் இந்த விடுபடலுக்குப் பெரும் பங்கு உண்டு.

வரதராஜன் 1940களில் பம்பாய் போய், விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். 1949-இல் பம்பாய் மாகாணம் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்த பிறகு, தாராவியையும் அதைச் சுற்றிய சேரிகளையும் நம்பிக் கள்ளச்சாராயம் பெருந்தொழிலானது. அவர் செல்வத்துக்கு அடித்தளம் அதுதான். துறைமுகச் சரக்குத் திருட்டும் கடத்தலும் அதோடு சேர்ந்தன. ஹாஜி மஸ்தானும் கரீம் லாலாவும் அவர் காலத்துப் பெரும்புள்ளிகள். 1966-இல் தோன்றிய சிவசேனா முதலில் குறிவைத்தது தென்னிந்தியரை. வேலை, வீடு, தண்ணீர்க் குழாய் என்று எதற்கும் நாதியில்லாத தமிழருக்கு, போலீசுக்கும் அஞ்சாத ஒரு தமிழர் பஞ்சாயத்துப் பேசியது சாதாரண விஷயம் இல்லை. மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே அவர் ஆண்டுதோறும் போட்ட விநாயகர் பந்தலுக்கு ஊரே திரண்டது. சாராயம் குடித்துக் குடல் வெந்தவர்களும் அந்தக் குடியிருப்புகளில்தான் இருந்தார்கள் என்பதைப் பந்தலின் வெளிச்சம் மறைத்தது. எண்பதுகளின் நடுவில் காவல் அதிகாரி ஒய். சி. பவார் எடுத்த கடும் நடவடிக்கையில் அந்தச் சாம்ராஜ்யம் சரிந்தது. வரதராஜன் சென்னைக்கு ஒதுங்கினார்.

எழுபதுகளின் நடுவில் பம்பாயில் மேலாண்மை படித்த மணிரத்னம் இந்தப் புகழை அங்கேயே அறிந்தவர். தயாரிப்பாளர் முக்தா சீனிவாசன் முதலில் ஓர் இந்திப் படத்தைத் தழுவி எடுக்கச் சொல்ல, அவர் மறுத்து இந்தக் கதையைக் கொடுத்தார். பாலகுமாரன் வசனம் எழுதினார். இளையராஜாவுக்கு இது 400-ஆவது படம். தாராவியின் சந்துகளைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பினார், பி. சி. ஸ்ரீராம் அவற்றை மங்கிய ஒளியில் படம்பிடித்தார். திரைக்கதை எடுத்த முக்கியமான முடிவு தொடக்கத்திலேயே இருக்கிறது. வேலுவின் தந்தை தொழிற்சங்கத் தலைவர். மகனையே ஏமாற்றி வழிகாட்ட வைத்து அவரைப் போலீஸ் சுடுகிறது. சிறுவன் அந்தப் போலீஸ்காரரைக் குத்திவிட்டு ரயிலேறுகிறான். ஆக அவன் கையில் முதலில் படிந்த ரத்தத்துக்கே நியாயம் கிடைத்துவிடுகிறது. பிறகு வளர்ப்புத் தந்தை காவலில் இறக்க, அதற்குக் காரணமான போலீஸ் இன்ஸ்பெக்டர் கேல்கரை வேலு கொல்கிறான். சேரியை இடிக்க வரும் சேட்டின் வீட்டை உடைக்கிறான். ஒவ்வொரு குற்றமும் ஒரு கொடுமைக்குப் பதிலடியாகவே வருகிறது. கடத்தல் உண்டு, ஆனால் அதனால் தாராவியில் யாரும் கெடுவதில்லை. வாடிக்கையாளரையே கெடுக்கும் சாராயம் கதையின் மையத்துக்கு வரவே இல்லை.

சினிமா வரலாற்று நூலாக இருக்க வேண்டியதில்லை என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பெயரை மாற்றிய படம் தமிழர் சேரி, ரயிலேறி வந்த ஏழை, வெள்ளை உடை, வீட்டு வாசலில் நீதி கேட்டு நிற்கும் கூட்டம் என்று அடையாளங்கள் அத்தனையையும் வைத்துக்கொண்டது. பார்ப்பவர் வரதராஜனை நினைக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. காட்பாதரின் நகல் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. சில காட்சிகளில் அந்தச் சாயல் மறுக்க முடியாதது. இருந்தாலும் அமெரிக்கப் படம் ஒரு குடும்பத் தொழிலின் வாரிசுரிமையைப் பற்றியது. இங்கே மகன் இறந்துபோகிறான், மகள் வெறுத்து வெளியேறி ஒரு போலீஸ் அதிகாரியை மணக்கிறாள், தொழிலுக்கு வாரிசே இல்லை. வேலு தண்டிக்கப்படுகிறானே என்ற மூன்றாவது வாதம்தான் வலுவானது. மகளின் கேள்விகளும் பேரனின் கேள்வியும் அவனை உண்மையிலேயே உலுக்குகின்றன. ஆனால் சாட்சி சொல்ல ஆளில்லாமல் சட்டம் அவனை விட்டுவிடுகிறது. சுடுவது கேல்கரின் மகன். கணக்குத் தீர்ப்பதும் தனிமனிதப் பழி என்றால், குற்றத்தால் ஊருக்கு நேர்ந்தது என்ன என்ற விசாரணை படத்துக்குள் நடக்கவே இல்லை.

வறண்ட தென்மாவட்டத்து ஏழைக்கு வேறு வழி என்ன என்பது படத்தின் அடியோட்டமான வாதம். தூத்துக்குடிக்கு வடக்கே, 1985-இல் பழைய ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டத்தை வைத்து இதைச் சோதிக்கலாம். அங்கும் வானம் பார்த்த பூமிதான். 1920களில் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், 1940-க்குப் பின் பரவிய பட்டாசும், அச்சகங்களும் சிவகாசியைச் சுற்றிய கிராமங்களை உள்ளூரிலேயே பிழைக்க வைத்தன. எனவே வறட்சி ஒருவரைக் கடத்தலுக்குத்தான் தள்ளும் என்பது செல்லாது. அதற்காகச் சிவகாசியை நேர்மையின் சான்றாக நிறுத்துவதும் தவறு. குழந்தைத் தொழிலாளர் குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உரிமம் ஒருவர் பெயரிலும் உள்குத்தகை வேறொருவர் கையிலும் இருப்பது, அறைக்கு அனுமதித்த எண்ணிக்கையை மீறி ஆட்களை உட்காரவைத்து மருந்து அடைப்பது, வீடுகளில் திரி சுற்றுவது எல்லாம் அமைப்பாக நடக்கும் சட்டமீறல்கள்தாம். ஆனால் அவற்றுக்கு ஒரு வரதா பாய் கிடையாது. முகமில்லாத குற்றத்துக்கு நாயகன் எடுக்க முடியாது. சிவகாசிச் சிறுவர்களைப் பற்றி 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படமாகவே நின்றது. விருதுநகர்க்காரரான வசந்தபாலனின் 'வெயில்' (2006) காட்டும் அடிதடியும் உள்ளூர் விளம்பரத் தொழிலின் போட்டியோடு நின்றுவிடுகிறது.

மூலம் எங்கிருந்து வருகிறது என்பதும் படத்தின் குணத்தை மாற்றும். செக் நாட்டில் 2015-இல் வெளியான 'கேங்ஸ்டர் கா', ராடோவான் கிரெய்சீர் என்ற குற்றத் தலைவனைப் பற்றிப் புலனாய்வு இதழாளர் யாரோஸ்லாவ் க்மென்டா எழுதிய நூலிலிருந்து பிறந்தது. அங்கும் பெயரை மாற்றினார்கள். தமிழில் 'சீவலப்பேரி பாண்டி' (1994) சௌபாவின் பத்திரிகைத் தொடரிலிருந்து வந்தது. நாயகனுக்குப் பின்னால் அப்படியொரு விசாரணை எழுத்து இல்லை. பம்பாய்த் தமிழரின் வாய்வழிப் புகழ்தான் இருந்தது. அதனால்தான் அந்த மக்கள் வரதராஜனைப் பார்த்த விதத்தில் அது துல்லியமாக இருக்கிறது. கமல்ஹாசன், ஸ்ரீராம், தோட்டா தரணி மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. படம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. 1988-இல் பெரோஸ் கான் 'தயாவான்' என்று இந்தியில் எடுத்தார், 2005-இல் டைம் இதழ் நூறு சிறந்த படங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இந்தப் பெருமைகளுக்கு அது தகுதியானதே. ஆனால் வரதராஜ முதலியாரைப் பற்றி எழுதுவோர் இதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. பம்பாய்த் தமிழர் தமக்கு யார் வேண்டும் என்று விரும்பினார்கள் என்பதற்கு மட்டுமே இது சான்று.